ஐம்பது ஆண்டுகள் என்று எழுதியவள்

அன்பு மகனுக்கு,

தொலைபேசியில் பத்து நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடியதை இத்தனை தாள்களில் எழுதுகிறேன். அதற்கு முதலில் மன்னித்துக்கொள். முந்தாநாள் நீ கொழும்பிலிருந்து அழைத்தபோது மழையைப் பற்றிக் கதைத்தேன், என் முழங்காலைப் பற்றிக் கதைத்தேன், கல்முனைச் சந்தையில் நல்ல மீன் கிடைக்கவில்லை என்பதைக்கூடக் கதைத்தேன். இதை மட்டும் கதைக்கவில்லை. நாற்பது பிள்ளைகளுக்கு முன்னால் நாள் முழுவதும் கதைக்கிற டீச்சருக்குத் தன் மகனோடு கதைக்க வாய் வராதா என்று நீ சிரிப்பாய். வகுப்பில் நான் கதைப்பது புத்தகத்தில் இருப்பதை. என்னுடையதைச் சொல்ல வேண்டி வந்தால் சின்ன வயதிலிருந்தே எனக்குச் சொல் வராது. எழுதினால்தான் வரும். எழுத வந்ததாலேயே ஒரு கேடும் செய்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். இதன் பிரதி ஒன்றை நம்மூர்ச் சஞ்சிகைக்கும் கொடுக்கப் போகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் என் மேலுள்ள பாசத்தில் மடித்து அலுமாரிக்குள் வைத்துவிடுவாய். இத்தனை வருடமாக நான் அப்படித்தான் வைத்திருந்தேன்.

நம்மூர் வரலாற்றை நீ எழுதி முடித்துவிட்டாய். அச்சுக்குப் போக இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றாய். நீ தந்துவிட்டுப் போன பிரதியை இரண்டு முறை வாசித்தேன். மேட்டு வட்டையின் வயல்கள் நம்மை விட்டுப் போன கதையை எழுதியிருக்கும் அத்தியாயத்தில் ஒரு பக்கம் வருகிறது. நம் பள்ளிவாசல் நிருவாகத்தின் பழைய செயலாளர் மாஸ்டர், இந்த மண்ணில் நமக்கு உரிமை இல்லை என்பதுபோல ஒரு கடிதத்தை எழுதித் தொல்பொருள் அலுவலகத்துக்குக் கொடுத்தார், ஏதோ பெற்றுக்கொண்டு ஊரைக் காட்டிக்கொடுத்த துரோகி அவர் என்று அந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். மாஸ்டர் மௌத்தாகி ஆறு வருடமாகிறது. பதில் சொல்ல வரமாட்டார். அவருடைய மகள் நம் தெருவின் கடைசி வீட்டில் பெண் பிள்ளைகளுக்குத் தையல் பழக்குகிறாள், அவள் வாசிப்பாள். மகன், கடிதத்தின் கீழே இருப்பது மாஸ்டரின் கையெழுத்து. கடிதத்தை எழுதியது நான்.

நீ அந்த மேட்டைக் கண்டது முள்கம்பிக்கு வெளியே நின்றுதான். நான் கண்டதைச் சொல்கிறேன். ஊருக்கு மேற்கே, வயல்வெளி முடிகிற இடத்தில் அந்த மண்மேடு. மண்ணைக் கிளறினால் பழைய செங்கல் வரும், அகலமாக, இப்போது எவரும் அறுக்காத அளவில். மேட்டின் அடியில் நாலு சுவரும் ஓலைக்கூரையுமாக, நல்லடியார் ஒருவர் அடங்கிய ஒரு சியாரம் இருந்தது. உள்ளே ஒரு கபுர், அதற்குப் பச்சைப் போர்வை. தலைமாட்டில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல். கல்லில் எழுத்து இருந்தது. வெள்ளாமை வெட்டி, களவெட்டியில் சூடு மிதித்து நெல் பிரிக்கும் முன்னால் அந்த வயல் வட்டையில் காணி செய்த ஒவ்வொருவரும் ஒரு கைப்பிடிக் கதிரைக் கொண்டுபோய் அந்தக் கல்லில் சாய்த்து வைத்துவிட்டு வருவார்கள். என் வாப்பாவோடு நானும் போயிருக்கிறேன். உள்ளே இருப்பது யார் என்று ஒருமுறை கேட்டேன். "ஆரோ ஒரு நல்ல மனிசன். பேர் தெரிஞ்சா என்ன, தெரியாட்டி என்ன, நெல்லு வெளையுதுதானே" என்றார். வாப்பாவுக்கு அதற்கு மேல் வரலாறு தேவைப்படவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான். போய் நான்கு வருடம் வரலாறு படித்தேன். எழுத்தில் இல்லாதது வரலாறு இல்லை என்று படித்தேன். ஊருக்குத் திரும்பி வந்தபோது வாப்பா கதிர் சாய்த்து வைப்பதைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த நேரத்தில் ஊரும் மாறிக்கொண்டிருந்தது. கந்தூரி கூடாது, கொடியேற்றம் கூடாது, கபுருக்குப் போர்வை போடுவது மார்க்கத்தில் இல்லை என்று பயான் செய்பவர்கள் வந்தார்கள். இளைஞர்கள் அவர்கள் பக்கம் போனார்கள். நிருவாகம் சியாரத்தை உடைத்துவிடத் தீர்மானித்தது. வயதானவர்கள் சிலர் அது பழைமையான இடம், தொடக்கூடாது என்று அலுவலகத்துக்கு முறைப்பாடு எழுதிவிட்டார்கள். அலுவலகம் நிருவாகத்திடம் எழுத்தில் விளக்கம் கேட்டது. அதற்காகத்தான் ஒரு பின்னேரம் மாஸ்டர் நம் வீட்டுக்கு வந்தார். நீ ஏணையில் கிடந்தாய். ஒரு கையால் உன்னை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"மகள், ஒரு கடதாசி எழுதித் தரணும். ஊருக்குள்ள ஒங்கட தமிழ்தான் ஒபிசுக்குப் போற தமிழ்" என்றார் மாஸ்டர்.

முற்றத்தில் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்த வாப்பா சிரித்தார். "இவளுக்கு வாய்தான் தொறக்காது மாஸ்டர். எழுதச் சொன்னா ஊரையே எழுதிக் குடுத்திருவாள்."

நிருவாகம் என்னிடம் கேட்டது இரண்டே இரண்டு வரி. சியாரம் மார்க்கத்துக்கு முரணானது, அதை அகற்ற அனுமதி தரவும். அவ்வளவுதான். எனக்கு அது போதவில்லை. படித்தவள் எழுதினால் வாதம் இருக்க வேண்டும் என்று நினைத்தேன். பழைமையானது என்று முறைப்பாட்டில் சொல்லியிருக்கிறார்கள், பழைமையானது இல்லை என்று நிறுவினால்தான் அனுமதி கிடைக்கும் என்று நானாகவே கணக்குப் போட்டேன். "இக்கட்டடத்துக்கு வரலாற்றுப் பெறுமதி எதுவும் இல்லை" என்று எழுதினேன். அதற்குக் காரணம் காட்ட வேண்டுமே என்று அடுத்த வரியையும் எழுதினேன்: "எம்மவர் இப்பகுதிக்கு வந்து பயிர்செய்யத் தொடங்கி ஐம்பது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை." அந்த வரியை என்னிடம் யாரும் கேட்கவில்லை. அது உண்மையா என்று நானும் யாரிடமும் கேட்கவில்லை. முற்றத்தில்தான் வாப்பா நின்றுகொண்டிருந்தார், அவரிடம்கூடக் கேட்கவில்லை.

மறுநாள் மாஸ்டர் வாசித்துவிட்டு அந்த இடத்தில் நின்றார். "மகள், அம்பது வருஷமெண்டு போட்டிருக்கீங்க. அது சரிதானா? என்ட மூத்தாப்பாக்கே அங்க காணி இருந்ததே" என்றார். எனக்குக் காது சூடாகியது. நிலத்தைப் பார்த்துக்கொண்டே, "அப்பிடிப் போட்டாத்தான் சேர் அனுமதி வரும்" என்றேன். "படிச்ச புள்ள சொல்றீங்க" என்று சொல்லிக் கையெழுத்து வைத்தார். நீ துரோகி என்று எழுதியிருக்கிற மனிதர் இவ்வளவுதான் செய்தார். படித்த ஒரு பெண் பிள்ளையை நம்பினார்.

அனுமதி வந்தது. ஒரே நாளில் சியாரத்தை இடித்தார்கள். கல்லை உடைத்து, பள்ளிவாசலில் புதிதாகக் கட்டிய ஹவுளின், அந்தத் தண்ணீர்த் தொட்டியின், அடியில் போட்டு நிரவினார்கள். அதன் மேல் உட்கார்ந்துதான் நீயும் சின்ன வயதில் தொழுகைக்குக் கை கால் கழுவி ஒளுச் செய்தாய். உடைப்பதை நான் போய்ப் பார்த்தேன். கூட்டத்தின் பின்னால், மற்றப் பெண்களோடு நின்றேன். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கடிதமும் பாதிதான்.

பிறகு யுத்தம் முடிந்தது. நாடு முழுவதும் வெற்றியைக் கொண்டாடியது. கொஞ்ச நாளில் மேட்டுக்கு அலுவலகத்து ஆட்களும் பிக்குகளும் வரத் தொடங்கினார்கள். முதலில் அளந்தார்கள், பிறகு எல்லைக்கல் நட்டார்கள், பிறகு மூன்று மொழியிலும் பலகை வைத்தார்கள். புராதன பௌத்த புனித பூமி, பாதுகாக்கப்பட்ட இடம். செங்கல் இருந்த மேட்டை மட்டும் எடுத்திருந்தால் யாரும் வாய் திறந்திருக்க மாட்டார்கள். மேட்டைச் சுற்றி இருபது குடும்பத்தின் வயலும் எல்லைக்கல்லுக்கு உள்ளே போனது. வாப்பாவின் இரண்டு ஏக்கரும் அதற்குள். வயல்காரர்களை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். எனக்குச் சிங்களம் தெரியும் என்பதால் மொழிபெயர்க்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்த அதிகாரிக்கு இப்போது உனக்கிருக்கிற வயதுதான் இருக்கும். எல்லோருக்கும் பிளேன்டீ கொடுக்கச் சொன்னார். பழைய கோப்பு ஒன்றைத் திறந்து ஒரு தாளை எடுத்து, சிங்களத்தில் மெதுவாக வாசித்தார். முதல் இரண்டு வரியையும் நான் சாதாரணமாகத் தமிழில் சொன்னேன். மூன்றாவது வரியில் எனக்கு விளங்கிவிட்டது. என் வாக்கியங்கள் சிங்களத்துக்குப் போய்த் திரும்பி வந்திருந்தன. நான் நிறுத்தினேன்.

"என்ன மகள் சொல்றார்?" என்றார் வாப்பா.

சொன்னேன். ஐம்பது ஆண்டுகள்கூட நிறைவடையவில்லை என்று என் வாயால் வாப்பாவுக்குச் சொன்னேன்.

"அம்பதா? என்ட உம்மாட வாப்பா வெட்டின வாய்க்கால்லதானே இண்டைக்கும் தண்ணி வருது. ஆர் மகள் இத எழுதின?"

பின்னாலிருந்து ஒருவர் வாப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கூப்பிட்டு, "ஆரா இருந்தாலும் நல்லாப் படிச்ச நாய்தான் காக்கா. தமிழ்ல எழுதினது சிங்களத்துலயும் எப்பிடி விளங்குது பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதிகாரி கோப்பை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த தமிழில் என்னிடம் சொன்னார், "நாங்க சொல்றது இல்ல மிஸ். உங்க பள்ளிவாசல்தானே சொல்றது."

அந்தக் கடிதம் இல்லாவிட்டால் காணி தப்பியிருக்குமா என்று எத்தனையோ தரம் யோசித்துப் பார்த்தேன். தப்பியிருக்காது. எல்லைக்கல் நட்ட பிறகுதான் எங்களை அழைத்தார்கள். சான்றுகளைச் சேர்த்து, அவற்றிலிருந்து முடிவுக்கு வருவதுதான் வரலாறு என்று எனக்குப் படிப்பித்தார்கள். அலுவலகத்தில் முடிவு முதலில் வந்தது, பிறகு அதற்கேற்ற தாளைத் தேடினார்கள். என் தாள் கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் வேறொன்று கிடைத்திருக்கும். இதை எனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை. இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை.

உரம் இல்லாமல் வெள்ளாமை மஞ்சளாக நின்ற போகம் உனக்கு ஞாபகம் இருக்கும். பெற்றோலுக்கு வரிசை, சமையல் காஸுக்கு வரிசை. அந்த வருடம்தான் மேட்டில் மின்விளக்குப் போட்டார்கள். ஆட்சியில் இருந்த பெரியவர் ஒருவர் வெள்ளை உடையில், வெறும் காலோடு மேட்டில் ஏறினார். தொலைக்காட்சியில் காட்டினார்கள். ஆயிரமாயிரம் வருடத்துப் பெருமையைக் காப்பேன் என்றார். உரம் எப்போது வரும் என்று சொல்லவில்லை. கொடுக்க ஒன்றும் இல்லாத ஆட்சி பழங்காலத்தைக் கொடுக்கும், மகன். அது செலவில்லாதது, கணக்குக் கேட்க யாரும் உயிரோடு இல்லை. மேட்டைக் காவல் காக்கிற மனிதர் வறண்ட ஊர் ஒன்றிலிருந்து வந்த ஏழைச் சிங்களவர். வாப்பாவிடம் தண்ணீர் வாங்கிக் குடிப்பார். தனக்கும் ஊரில் காணி இல்லை என்று ஒருநாள் சொன்னாராம். அந்தப் பெருமையில் அவருக்குக் கிடைத்தது ஒரு தொப்பியும் விசிலும். பிறகு ஆட்சி மாறியது. இனி இனவாதம் இல்லை என்றார்கள், நானும் கொஞ்சம் நம்பினேன். பலகைக்குப் புதுச் சாயம் பூசினார்கள். எல்லைக்கல் அதே இடத்தில் நிற்கிறது.

நானும் அவர்களுடைய ஆள்தான். இருபது வருடமாக அவர்கள் அனுப்புகிற புத்தகத்தைத்தான் படிப்பிக்கிறேன். மன்னர்கள் குளம் கட்டுகிறார்கள், எதிரிகள் வருகிறார்கள், மன்னர்கள் நாட்டை ஒன்றாக்குகிறார்கள். போன வருடம் ஒரு பிள்ளை கையை உயர்த்தி, "டீச்சர், நாங்க எத்தினையாம் பக்கத்துல வாற?" என்று கேட்டாள். பக்கத்தைச் சொன்னேன். புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல கப்பல்ல வந்து யாவாரம் செஞ்சமெண்டு மட்டும்தானே கிடக்கு. பரீட்சைக்கு வருமா?" என்றாள். வராது, விடு என்றேன். "அப்ப நாங்க பாஸ் பண்ணத் தேவையில்லாத ஆக்கள்" என்றாள். வகுப்பே சிரித்தது. நான் அடுத்த பாடத்துக்குப் போனேன்.

இப்போது உன் புத்தகத்துக்கு வருகிறேன். நன்றாக எழுதியிருக்கிறாய், என்னைவிட நன்றாக. அதனால்தான் பயப்படுகிறேன். நாம் இங்கே வந்து ஆயிரத்து இருநூறு வருடம் என்று எழுதியிருக்கிறாய். சியாரத்துக் கல்லில் அப்படிப் பொறித்திருந்தது என்று எழுதியிருக்கிறாய். அந்தக் கல்லை நீ கண்டதில்லை. நான் கண்டேன், நூறு தரம் கண்டேன். பட்டம் பெற்ற பிறகும் ஒருநாள்கூட அதை உட்கார்ந்து வாசிக்கவில்லை. அதில் என்ன இருந்தது என்று இனி அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். செங்கல்லைப் பற்றி நீ ஒரு வரியும் எழுதவில்லை. செங்கல்லும் உண்மைதான், மகன். அங்கே நமக்கு முன்னால் யாரோ கும்பிட்டிருக்கிறார்கள். அதை மறைத்து எழுதினால் நீ எழுதுவதும் பலகைதான். முன்னுரை எழுதப் போகிறவர் அடுத்த தேர்தலில் நிற்கப் போகிறவர் என்பதும் எனக்குத் தெரியும். ஆயிரத்து இருநூறு வருடத்தை மேடையில் சொல்லி அவர் வாக்குக் கேட்பார். காணியைப் பிறகு கேட்பாரா என்று பார்.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நீ வந்திருந்தபோது இதைக் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன். "உம்மா, அவங்க ரெண்டாயிரத்தி ஐந்நூறு சொல்றாங்க. நாம ஆயிரத்தி இருநூறாவது சொல்லாட்டி ஆர் கேப்பான்?" என்றாய். தெரியாது என்று எழுத ஏலாதா என்றேன். சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கி, "தெரியாதெண்டு சொன்ன ஊருக்கு ஆரும்மா காணி குடுத்தான்?" என்றாய். உன் தட்டில் இன்னும் கொஞ்சம் கறி ஊற்றினேன். நீ சொன்னதுதான் சரி. தெரியாது என்றாலும் தரமாட்டார்கள், ஆயிரத்து இருநூறு என்றாலும் தரமாட்டார்கள். மூன்று தலைமுறை உழுதவன் என்று சொன்னால் போதாதா, மனிதனுக்கு நிலத்தில் நிற்க எத்தனை வருடம் வேண்டும் என்று கேட்கிற ஒரு அலுவலகம் என் காலத்தில் வரப்போவதில்லை. உன் காலத்திலும் வரும் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. வாப்பா கடைசி வரை வாய்க்கால் வரம்பில் போய் உட்கார்ந்து கம்பிக்கு உள்ளே பார்த்துக்கொண்டிருப்பார். அந்தக் கடதாசியை எழுதினவனை அல்லாஹ் பார்த்துக்கொள்ளட்டும் என்பார். நான் பிளேன்டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விடுவேன். அவருக்குச் சொல்லாமலே அவரை அனுப்பிவிட்டேன்.

ஆகவே புத்தகத்தை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினால் வேறு யாராவது இதைவிட மோசமாக எழுதுவார்கள். அந்தப் பக்கத்தை மட்டும் மாற்று. மாஸ்டரின் பெயர் இருக்கிற இடத்தில் என் பெயரைப் போடு. படித்தவள், கேட்காததை எழுதினாள், கேட்டபோது வாய் திறக்கவில்லை என்று எழுது. காசு வாங்கினாள் என்று எழுதாதே, வாங்கவில்லை. உம்மாவைக் காப்பாற்ற "யாரோ ஒருவர்" என்று எழுதிவிடாதே. நம் கைகளால் நாம் செய்ததை எழுதிய ஒரு பக்கமாவது அந்தப் புத்தகத்தில் உண்மையாக இருக்கட்டும். அதனால் ஒரு அடி நிலமும் வராது. அது தெரிந்துதான் கேட்கிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. முதல் தாளிலிருந்தே அதைத் தள்ளிக்கொண்டு வந்திருக்கிறேன். புத்தகமும் சஞ்சிகையும் வெளியே வரும் முன்னால், வருகிற வெள்ளிக்கிழமை நீ ஊருக்கு வர வேண்டும். ஜும்ஆ முடிந்த பிறகு என்னை மாஸ்டரின் மகள் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். தனியாக மூன்று தரம் வாசல்வரை போனேன். கடைசித் தரம் அவள் கண்டுவிட்டு, "என்ன டீச்சர் கேட்டடியில நிக்கீங்க, உள்ளுக்கு வாங்க" என்று கையைப் பிடித்து அழைத்துப் போனாள். தலையணை உறை தைக்கக் கொடுக்க வந்தேன் என்று சொல்லிவிட்டேன். ஆறு உறை தைத்துத் தந்தாள், மூலையில் பூவும் போட்டிருந்தாள். நீ பக்கத்தில் இருந்தால் நான் அப்படித் தப்ப ஏலாது. ஸலாத்தை நீ சொல்லு. பிறகு பேசாமல் இரு. எனக்குச் சொல் வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், அவள் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தும் வராமல் இருக்கலாம். எவ்வளவு நேரம் ஆனாலும், மகன், எனக்குப் பதிலாக நீ சொல்லிவிடாதே.

உன் உம்மா